மூச்சுக்கருவியைத் திறந்து பார்த்தவர்கள்

சற்று நீண்ட பதிவு. தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது. ஏனையோரும் பொறுமையுடன் வாசிக்கலாம்.

நம் சமையலறையில் எரிவாயு உருளையின் தலையில் அமர்ந்திருக்கும் ரெகுலேட்டரை நம்மில் அநேகர் திறந்து பார்த்ததில்லை. பழுதானால் ஏஜென்சியில் கொடுத்து வேறொன்றைப் பெற்றுக்கொள்கிறோம். அத்துடன் அதைப் பற்றிய சிந்தனை முடிந்துவிடுகிறது. உள்ளே இருப்பவை எளியவை: ஒரு ரப்பர் சவ்வு, ஒரு சுருள்வில், ஒரு நெம்புகோல், ஒரு வால்வு. உருளையின் அழுத்தத்தை ஏறத்தாழ 30 மில்லிபார் அளவுக்குத் தணித்து அடுப்புக்கு அனுப்புவது அவற்றின் பணி. கடலுக்கடியில் ஸ்கூபா முக்குளிப்போர் பற்களிடையே கவ்வியிருக்கும் கருவிக்கும் ரெகுலேட்டர் என்றே பெயர். அதனுள் இருப்பவையும் பெரும்பாலும் இந்நான்கே. ஆனால் அடுப்புக்கு எப்போதும் ஒரே அழுத்தம் போதும். முக்குளிப்பவருக்கோ அவர் அந்தக் கணத்தில் நிற்கும் ஆழத்தின் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு பார் வீதம் நீரின் சுமை கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் நெஞ்சைச் சூழ்ந்து நிற்பது 3 பார். காற்றும் அதே 3 பாரில் வந்தால்தான் நுரையீரல் விரியும். முதுகிலுள்ள உருளையில் இருப்பதோ 200 பார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை, மூச்சுக்கு மூச்சு, மனிதக் கையின் உதவியின்றிக் கடக்க வேண்டும்.

இக்கருவியின் வரலாறு யாது என எவரைக் கேட்டாலும் ஒரே விடை கிடைக்கும்: 1943, பிரான்சு, ழாக் கூஸ்தோ. கண்டுபிடிப்பில் தொடங்கிக் கண்டுபிடிப்பிலேயே முடிந்துவிடும் வரலாறு இது. டேவிட் எட்ஜர்ட்டன் தம் 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூலில் கண்டித்தது இத்தகைய எழுத்தைத்தான். கருவிகள் பிறந்த நாளை நாம் கொண்டாடுகிறோம். அவை பயன்பட்ட, தேய்ந்த, பழுது பார்க்கப்பட்ட நெடுங்காலத்தை எழுதாமல் விட்டுவிடுகிறோம் என்பது அவர் வாதம். அவ்வாதத்தை ரெகுலேட்டரின் மீது பொருத்திப் பார்க்கவே இப்பதிவு. இக்கருவியைத் திறக்கும் உரிமை யாரிடம் இருந்தது, அது எப்போது கைமாறியது என்று கேட்டால், அதன் வடிவமைப்பு வரலாறே வேறு விதமாகத் தெரியத் தொடங்குகிறது.

தொடக்கம் சுரங்கத்தில். தெற்குப் பிரான்சின் அவேரோன் பகுதியில் சுரங்கப் பொறியாளராக இருந்த பெனுவா ரூக்கெய்ரோல், அழுத்தப்பட்ட வாயுவின் ஓட்டத்தைச் சீராக்கும் கருவிக்கு 1860இல் காப்புரிமை பெற்றார். நச்சு வாயுவும் வெள்ளமும் சூழ்ந்த சுரங்கத்தில் சிக்கியோரை மீட்கச் செல்பவர் மூச்சுவிட வேண்டும் என்பதே அவர் நோக்கம். கடற்படை அதிகாரியான ஒகுஸ்த் தெனெய்ரூஸ் அவருடன் சேர, 1864இல் அது கடலுக்கு இறங்கியது. அவர்கள் கண்ட சூட்சுமம் ஒரே வாக்கியத்தில் அடங்கும். ஒரு ரப்பர் சவ்வின் வெளிப்புறத்தில் நீரும் உட்புறத்தில் காற்றும் இருக்கட்டும். மூச்சை இழுத்ததும் உள்ளழுத்தம் குறைய, நீர் சவ்வை உள்நோக்கித் தள்ளும். சவ்வு ஒரு தண்டைத் தள்ளும். தண்டு வால்வைத் திறக்கும். அழுத்தம் சமமானதும் வால்வு தானே மூடும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதைக் கருவி கணக்கிட வேண்டியதில்லை. நீரே அதைச் சொல்லிவிடுகிறது. நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சூட்சுமத்தில் எவரும் கை வைக்கவில்லை.

வெளிமூச்சு செல்வதற்கு ரூக்கெய்ரோல் அமைத்த வழியும் கவனத்துக்குரியது. மெல்லிய ரப்பர்த் தகடுகள் இரண்டை விளிம்போடு ஒட்டிச் செய்த, வாத்தின் அலகு போன்ற வால்வு அது. உள்ளிருந்து ஊதினால் திறக்கும். வெளியிலிருந்து நீர் அழுத்தினால் மூடிக்கொள்ளும். கத்தரிக்கோலும் ரப்பர்த் தகடும் பசையும் இருந்தால் கப்பல் தளத்திலேயே மாற்று உறுப்புச் செய்துகொள்ளலாம். 1870இல் ஜூல் வேர்ன் தம் கடலடி நாவலில் நெமோவின் ஆட்களுக்கு இக்கருவியையே பெயர் சொல்லி அணிவித்தார். ஆனால் மேலிருந்து காற்றைக் கொணரும் குழாயைக் கற்பனையில் வெட்டி எறிந்துவிட்டார். உண்மையில் அக்காலத்து உலோகக் கலங்கள் போதிய அழுத்தத்தைத் தாங்கமாட்டாதவை. ஆகவே முக்குளிப்பவர் மேலே இயங்கிய காற்றுப்பம்புடன் கட்டுண்டே கிடந்தார். கருவி முந்திக்கொண்டது, உருளை பிந்திவிட்டது. உயரழுத்தத்தைத் தாங்கும் எஃகு உருளைகள் வந்து சேர்வதற்குள் ரூக்கெய்ரோலின் சவ்வு ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது.

அந்த மறதியின் சான்று ஈவ் லெ பிரியேர். 1926இல் ஃபெர்னேயுடன் சேர்ந்தும், 1933இல் மேம்படுத்தியும் அவர் உருவாக்கிய கருவியில் உயரழுத்த உருளை உண்டு. தானியங்கு வால்வு இல்லை. முக்குளிப்பவர் கையால் திருகித் தமக்கு வேண்டிய காற்றைத் திறந்துகொள்ள வேண்டும். காற்று ஓயாமல் ஓடும், பெரும்பகுதி வீணாகும். 1930களின் பிற்பகுதியில் ழார்ஜ் கொமேன் என்பவர் தானியங்கு ரெகுலேட்டர் ஒன்றைச் செய்தார். 1944இல் ஸ்திராஸ்பூர் விடுவிப்புப் போரில் அவர் மாண்டார். அவர் கருவியும் அவருடன் அடங்கிப்போயிற்று. வரலாற்றில் வென்றவரின் பெயர் நிலைப்பதற்குச் சில வேளைகளில் உயிரோடிருப்பதே போதுமானதாகிவிடுகிறது.

இனி 1942. செருமானிய ஆக்கிரமிப்பில் பெட்ரோல் கிடைக்காத பாரிஸ். கார்களை மரவாயுவில் ஓட்ட வேண்டிய நிலை. இயந்திரத்தின் தேவைக்கேற்ப வாயுவை அளந்து அனுப்பும் ரெகுலேட்டர் ஒன்றை ஏர் லிக்கிட் நிறுவனத்தின் பொறியாளர் எமில் காஞான் உருவாக்கியிருந்தார். கூஸ்தோவின் மாமனார் அந்நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். அவர் வழியாக 1942 டிசம்பரில் இருவரும் சந்தித்தனர். கார் எஞ்சினுக்கு உதவுவது மனிதனுக்கும் உதவாதா என்பதே அன்றைய பேச்சு. அடுத்த மாதமே பாரிஸுக்கு அருகே மார்ன் ஆற்றின் குளிர்நீரில் சோதனை.

சோதனை தோற்றது. இத்தோல்வியை மேடை வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வடிவமைப்பு வரலாற்றுக்கோ அதுவே கருவூலம். படுத்த நிலையில் நீந்தியபோது கருவி ஒழுங்காக இயங்கியது. நிமிர்ந்து நின்றபோது காற்று கட்டுக்கடங்காமல் பாய்ந்து வீணாயிற்று. தலைகீழாகத் திரும்பியபோது மூச்சு கிடைப்பதே அரிதாயிற்று. காரணத்தை அவர்கள் அன்றே உணர்ந்தனர். காற்றை உள்ளே விடும் சவ்வு ஓர் உயரத்திலும், வெளிமூச்சு வெளியேறும் வால்வு வேறோர் உயரத்திலும் இருந்தன. ஒரு சாண் உயர வேறுபாடுகூட நீரில் அழுத்த வேறுபாடுதான். வெளியேற்று வால்வு மேலே இருந்தால் காற்று தானாகவே அவ்வழியே ஓடிவிடும். தீர்வு எளிது: இரண்டையும் ஒரே இடத்தில் அருகருகே வை. சவ்வு பிடரிக்குப் பின்னால் இருப்பதால், வாயிலிருந்து வெளிமூச்சைச் சுமந்துகொண்டு இரண்டாவது குழாயொன்று அங்கே திரும்பிச் செல்ல வேண்டும். பழைய படங்களில் நாம் காணும் அந்த இரட்டைக் குழாயின் பிறப்பு இதுதான். அழகுக்காகவோ மரபுக்காகவோ வைத்ததன்று. ஒரு சாண் நீரின் கணக்கு.

அக்கணக்கைப் புரிந்துகொண்டவர் வேறு விடையும் காணலாம். மெல்பர்னில் டெட் எல்ட்ரட் கண்டார். சவ்வைப் பிடரியிலிருந்து எடுத்து நேரே வாயருகே வைத்துவிட்டால், வெளியேற்று வால்வும் அங்கேயே அமையும். இரண்டாவது குழாய்க்கு வேலையே இல்லை. உருளையின் தலையில் முதற்கட்டம், வாயில் இரண்டாங்கட்டம், நடுவே ஒரே ஒரு மெல்லிய குழாய். இவ்வமைப்பை அவர் நாடியதற்குப் பிரெஞ்சுக் காப்புரிமையைச் சுற்றிச் செல்ல வேண்டிய நெருக்கடியும் ஒரு காரணம். 'போர்பாய்ஸ்' என்ற பெயரில் 1952 முதல் அது ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் விற்பனையாகும் ரெகுலேட்டர்களின் பொது வடிவம் கூஸ்தோவின் இரட்டைக் குழாயன்று. எல்ட்ரடின் ஒற்றைக் குழாய். அவர் நிறுவனத்தையோ பின்னர் ஏர் லிக்கிட்டே வாங்கிவிட்டது. ஆவணப்படங்களில் எல்ட்ரடின் முகத்தை நான் கண்டதில்லை.

ஒற்றைக் குழாயின் வெற்றிக்கு இலேசு, மலிவு எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றோடு பழுதுபார்ப்பவரின் காரணத்தையும் சேர்க்க வேண்டும். கருவி இரண்டாகப் பிரிந்ததால் நோயும் இரண்டாகப் பிரிந்தது. எக்கட்டத்தில் கோளாறு என்பதைத் திறக்காமலே கண்டறிய முடிந்தது. இதை விளக்க, மன்னிக்கவும், என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது.

சென்ற ஆண்டு அந்தமானின் ஸ்வராஜ் தீவில் இருந்தபோது, பழைய பிஸ்டன் வகை ரெகுலேட்டர் ஒன்றை உடன் கொண்டுசென்றிருந்தேன். புறப்படுவதற்கு இரு வாரம் முன்பு ஒரு பெருநகரச் சேவை மையத்தில் ஆண்டுப் பராமரிப்பு முடித்து, முத்திரைச் சீட்டும் பெற்றது. இரண்டாம் நாள், 14 மீட்டர் ஆழத்தில், வாயிலிருந்த இரண்டாங்கட்டம் மெல்லச் சீறத் தொடங்கியது. சற்று நேரத்தில் சீற்றம் பாய்ச்சலாயிற்று. மூச்சு நிற்கவில்லை, மிகுந்துவிட்டது. துணைவரோடு மேலே வந்து சேர்ந்தபோது உருளையில் முப்பது பார்கூட மிச்சமில்லை.

இங்கே ஒரு வடிவமைப்பு முடிவைக் கவனிக்க வேண்டும். தொடக்ககாலக் கருவிகள் பலவற்றில் காற்றின் அழுத்தமே வால்வை மூடிப் பிடித்திருந்தது. அழுத்தம் மிகுந்தால் அது இன்னும் இறுக மூடும். மூச்சே கிடைக்காமல் போகலாம். 1950களின் பிற்பகுதியிலிருந்து இரண்டாங்கட்டத்தில் எதிர்மாறான அமைப்பு பரவலாயிற்று. காற்றழுத்தம் வால்வைத் திறக்கத் தள்ளுகிறது. சுருள்வில் அதை மூடிப் பிடிக்கிறது. முதற்கட்டம் பழுதாகி அழுத்தம் ஏறினால் வில் தோற்கும், காற்று கசியும். அதாவது, கெடும்போது காற்றைத் தந்துகொண்டே கெடும்படி வடித்திருக்கிறார்கள். 14 மீட்டரில் எனக்கு வாய்த்தது அந்த நற்கேடு.

படகுத்துறைக்கு அருகே ஒரு தகரக் கொட்டகையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் அழைத்துச் சென்றனர். ஐம்பது வயதைக் கடந்தவர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதலில் அவர் திருப்புளியைத் தொடவில்லை. குழாயொன்றில் சிறு அழுத்தமானியைப் பொருத்தி உருளையைத் திறந்தார். முதற்கட்டத்திலிருந்து இரண்டாங்கட்டத்துக்குச் செல்லும் இடையழுத்தம், சுற்றுப்புற அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 முதல் 10 பார் மிகுந்து, அங்கே அசையாது நிற்க வேண்டும். முள் ஒன்பதரையில் நின்றது, பிறகு நகர்ந்தது, பத்து, பதினொன்று என்று நத்தைபோல் ஏறிக்கொண்டே போயிற்று. "தம்பி, வாயில ஒண்ணும் இல்ல. தலையிலதான் கோளாறு" என்றார். முதற்கட்டத்தைப் பிரித்து, வால்வு வந்து அமரும் பிளாஸ்டிக் வில்லையை, தொழில்மொழியில் 'சீட்டு', வெளியே எடுத்தார். புத்தம்புதியது. அதன் முகத்தில் மயிரிழை போன்ற ஒரு கீறல்; கீறலின் முனையில் பொடி உலோகத்துணுக்கு. பராமரிப்பின்போது உள்ளே விடுபட்டதாக இருக்க வேண்டும். மாற்றுச் சீட்டு அவரிடம் இல்லை. ஆயினும் அந்த வகைச் சீட்டு இருமுகமும் ஒரே மாதிரியானது. கழுவித் துடைத்துத் திருப்பிப் போட்டார். முள் ஒன்பதரையில் நின்றது.

பிறகு இரண்டாங்கட்டத்தைச் சோதித்தார். பிளாஸ்டிக் வாளியில் நீர் நிரப்பி, வாய்ப்பகுதி மேல்நோக்கியிருக்குமாறு கருவியை மெல்ல அமிழ்த்தினார். சவ்வுக்கு மேல் சுமார் மூன்று சென்டிமீட்டர் நீர் ஏறியதும் 'உஸ்' என்றது. மூச்சிழுக்க எவ்வளவு முயற்சி தேவை என்பதை நீரின் உயரத்தாலேயே அளந்துவிட்டார். இதற்கென ஆய்வகங்களில் விலையுயர்ந்த அளவி உண்டு. ரூக்கெய்ரோலின் சவ்வுக்கு நீரே அழுத்தத்தைச் சொல்லிவிடுவதுபோல், இவருக்கும் நீரே சொல்லிவிட்டது.

இருமுகச் சீட்டு என்பது சிறு விவரம்போல் தோன்றலாம். ஒருவர் அதை வரைபலகையில் திட்டமிட்டே வைத்திருக்கிறார்: இக்கருவி ஒருநாள் தொலைதூரத்தில் பழுதுபடும், கையில் உறுப்பு இராது, ஆனால் திருப்பிப் போட ஒரு முகம் இருக்கட்டும் என்று. 1960, 70களின் வடிவமைப்பில் இத்தகைய முன்னுணர்வு நிறைய. ஸ்கூபாப்ரோவின் மார்க் 2 வகையின் முதற்கட்டத்தில் நகரும் உறுப்பு பிஸ்டன் ஒன்றே. உருளையில் காற்று குறையக் குறைய அதன் இடையழுத்தமும் தாழும். மூச்சு சற்றுக் கனக்கும். அக்குறையை நீக்கவே உருளையழுத்தத்தின் தாக்கம் பிஸ்டனைச் சாராதபடி 'சமநிலை' வகைகள் வந்தன. 1970இன் மார்க் 5 அவற்றுள் புகழ்பெற்றது. ஆயினும் எளிய மார்க் 2இன் வழித்தோன்றல் இன்றும் விற்பனையில் உள்ளது. அதே நிறுவனத்தின் பழைய உலோக உடல் இரண்டாங்கட்டத்துக்குள் பல ஆண்டுகளுக்குப் பின் வந்த சமநிலை வால்வுத்தண்டு பொருந்துகிறது. இன்றும் பலர் மாற்றிப் பொருத்திப் பயன்படுத்துகிறார்கள்.

ஓ-ரிங்கையும் மறக்கலாகாது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1930களின் இறுதியில் காப்புரிமை பெற்ற இந்த ரப்பர் வளையம், போர்க்காலத்தில் அமெரிக்க உற்பத்தியாளர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. பின்னர் ஏ.எஸ். 568 என்னும் பொது அளவுமுறைக்குள்ளும் வந்தது. அதனால் ரெகுலேட்டரில் அதிகமாகத் தேய்ந்து மாற்றப்படும் உறுப்பு எந்தத் தொழிற்பேட்டைக் கடையிலும் எண்ணைச் சொல்லி வாங்கக்கூடியதாயிற்று. சீட்டு, சவ்வு, வால்வுத்தண்டு ஆகியவற்றுக்கு இந்தப் பொதுமை வாய்க்கவில்லை.

இவை யாரிடம் கிடைக்கும் என்பதில்தான் உரிமை கைமாறியது. 1950களில் நிலைமை முற்றிலும் வேறு. போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த உபரி விமான ஆக்சிஜன் ரெகுலேட்டர்களைக் கொண்டு வீட்டிலேயே மூச்சுக்கருவி செய்யும் முறையை அமெரிக்க வெகுசன அறிவியல் இதழ்கள் படத்துடன் வெளியிட்டன. சிலர் செய்து மாண்டிருக்கவும் கூடும். அக்காலத்தைப் பொற்காலமாக்க நான் முனையவில்லை. ஆனால் முக்குளிப்பவருக்கும் அவர் கருவிக்கும் நடுவே அப்போது மூன்றாமவர் இல்லை. 1963இல் கஸ்தாவ் டல்லா வல்லே, டிக் போனின் இருவரும் ஸ்கூபாப்ரோவைத் தொடங்கியபோது, விளையாட்டுப் பொருள் அங்காடிகளைத் தவிர்த்து, முக்குளிப்புக்கெனவே அமைந்த கடைகள் வழியாக மட்டும் விற்பதென்று முடிவெடுத்தனர். வணிக நோக்கில் மதிநுட்பமான முடிவு. கடைக்கு இலாபம் உறுதி. ஆண்டுதோறும் வாடிக்கையாளர் திரும்பி வருவதும் உறுதி. காலப்போக்கில் பிறரும் இவ்வழியைத் தொடர்ந்தனர். உதிரிப் பாகங்களும் பழுதுபார்ப்புக் கையேடுகளும் அங்கீகாரம் பெற்ற கடையின் மேசைக்குப் பின்னால் சென்று மறைந்தன.

நிறுவனங்கள் கூறும் காரணம் பாதுகாப்பு, சட்டப் பொறுப்பு. அதிலும் உண்மை உண்டு. அதே 1963இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கிரீன்மன் வழக்கில், குறைபாடுள்ள பொருளால் விளைந்த கேட்டுக்கு உற்பத்தியாளரின் கவனக்குறைவை நிறுவாமலே இழப்பீடு கோரலாம் என்று தீர்த்தது. ஆக்சிஜன் செறிந்த வாயுவைப் பயன்படுத்துவோரின் கருவியில் தவறான மசகு இருந்தால் தீப்பிடிக்கும் என்பதும் மிகைப்படுத்தல் அன்று. ஆயினும் இவ்வாதம் முழுமையாக என்னை இணங்கவைக்கவில்லை. நான் வசிக்கும் தில்லியில், காஷ்மீரி கேட் சந்தைக்குச் சென்றால் காரின் பிரேக் உறுப்புகளை எவரும் வாங்கலாம். பிரேக் தவறினால் தெருவில் போகிறவரும் சாவார். ரெகுலேட்டர் தவறினால் ஆபத்து பெரும்பாலும் அணிந்தவருக்கே. பாதுகாப்பு என்னும் ஒரே அளவுகோலால் இவ்விரண்டையும் விளக்க முடியவில்லை. கருவி சிக்கலாகிவிட்டதால் உரிமை பறிபோகவில்லை. கருவியின் உள்ளமைப்பு 1970க்குப் பின் அடிப்படையில் மாறவேயில்லை. மாறியது விற்பனை ஏற்பாடு.

ஆண்டுப் பராமரிப்பு என்னும் விதியும் இந்த ஏற்பாட்டின் குழந்தைதான் என்று நினைக்கிறேன். 1978இல் யுனைட்டெட் ஏர்லைன்ஸின் நோலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கை, பராமரிப்பியலின் அடித்தளத்தையே அசைத்தது. அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளில் 68 விழுக்காடு, பொருத்தப்பட்ட உடனேயே அதிகமாகப் பழுதாகி, அக்கட்டத்தைக் கடந்தபின் சீராக இயங்கின. அத்தகைய உறுப்பைக் காலக்கெடு வைத்துக் கழற்றி மாட்டுவது பழுதைக் குறைப்பதற்குப் பதில் புகுத்தக்கூடும். விமான உறுப்பும் ரெகுலேட்டர் சீட்டும் ஒன்றல்ல. உப்புநீர் வேறு பகை. எனினும் என் கருவியின் கதை அந்த 68 விழுக்காட்டுக்குள் கச்சிதமாக அமர்கிறது. அழுத்தமானியில் முள் நகர்கிறதா என்று மாதமொரு முறை பார்ப்பவர், ஆண்டுக்கொரு முறை முத்திரைச் சீட்டு வாங்குபவரைவிடத் தம் கருவியை நன்கறிவார். சில நிறுவனங்களே பின்னாளில் முழுப்பராமரிப்புக்கான இடைவெளியை இரண்டாண்டாக நீட்டித்தன.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1990களில் வந்த ஐரோப்பியத் தரம் இ.என். 250, ரெகுலேட்டரை 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் மூச்சோட்டத்தில் சோதிக்கிறது. ஒரு லிட்டருக்கு 3 ஜூலுக்கு மேல் மூச்சுழைப்பு செல்லலாகாது. குளிர்நீருக்குத் தனிச் சோதனை. விரியும் காற்று குளிரும், குளிர்ந்தால் உறுப்புகளில் பனி கட்டும், வால்வு திறந்தபடியே உறையும். வெப்பத்தை எளிதில் கடத்தாத பிளாஸ்டிக் உடல்கள் 1980கள் முதல் பரவியபோது இவ்விடர் கூர்மையாயிற்று. இச்சோதனைகளில் தேறிய கருவியை வாளிநீர் சோதனையோடு நிறுத்திக்கொள்பவர் கையில் கொடுப்பது தகுமா என்று கேட்பவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் தரச்சான்று கருவியின் மாதிரிக்கு வழங்கப்படுவது. என் கையிலுள்ள அந்த ஒற்றைக் கருவி இன்று காலை எந்நிலையில் இருக்கிறது என்பதற்கு அதில் விடையில்லை.

மூடிய கதவைத் திறந்தவர்களும் உண்டு. வான்ஸ் ஹார்லோ 1999இல் வெளியிட்ட ரெகுலேட்டர் பழுதுபார்ப்பு நூல், நிறுவனப் பயிற்சிக்கு வெளியே நின்ற ஒரு தலைமுறைக்கே பாடநூலாயிற்று. இரட்டைக் குழாய்க் கருவிகளின் ஆர்வலர்கள் சிலிகானில் புதிய சவ்வுகளையும் குழாய்களையும் வார்த்து, அறுபது வயதுக் கருவிகளை மீண்டும் நீருக்குள் இறக்கினர். அவை இறங்க முடிந்ததற்குக் காரணம், திருகைக் கழற்றினால் திறக்கும்படி அன்று வடித்திருந்ததே.

நம் நாட்டில் அந்தமான், இலட்சத்தீவு, நேத்ராணி, கோவா, புதுச்சேரி எனப் பயிற்சி நிலையங்கள் பெருகியிருக்கின்றன. கருவிகளில் மிகப்பெரும்பாலானவை இறக்குமதி. அங்கீகாரம் பெற்ற மேசையோ தீவிலிருந்து வெகுதொலைவு. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்ப்பு உரிமைக்கென அமைத்த குழு எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: வேளாண் கருவிகள், கைப்பேசி முதலான மின்னணுப் பொருள்கள், வீட்டு நுகர்பொருள்கள், வாகனங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஆணையிலும் சலவை இயந்திரம் உண்டு, தூசியுறிஞ்சி உண்டு, மூச்சுக்கருவி இல்லை. எண்ணிக்கையில் சிறிய சந்தை, கண்ணில் படவில்லை.

ஸ்வராஜ் தீவின் அந்தத் தகரக் கொட்டகையில் நான் கண்ட இன்னொரு பொருளைச் சொல்லி முடிக்கிறேன். பள்ளிக்கூட நோட்டு ஒன்று. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம்: சீட்டு மாற்றிய தேதி, அதன்பின் எத்தனை முறை நீரில் இறங்கிற்று, இடையழுத்தம் எவ்வளவு, வடிகட்டியில் பச்சை படிந்திருந்ததா, எந்தக் கருவியைப் பிரித்து எதற்கு உறுப்பு எடுத்தது. பல ஆண்டுகளின் பதிவு, தமிழும் இந்தியும் கலந்து, பால்பாயின்ட் பேனாவில். பழைய நோட்டுகள் எங்கே என்றேன். மழையில் நனைந்ததும் எறிந்துவிடுவாராம்.

இப்பதிவை வாசிப்போரில் எவரேனும் கடற்படை, துறைமுகம், கடலாய்வு நிறுவனம், பயிற்சி நிலையம் ஆகியவற்றில் இத்தகைய பழுதுபார்ப்புக் குறிப்பேடுகளைக் கண்டிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். நனைந்தவையாயினும் பரவாயில்லை, படியெடுத்துத் திருப்பித் தந்துவிடுவேன்.